எலக்ட்ரான் 35,000 டிகிரி, சேம்பர் சுவரோ சுடவில்லை: குளிர் பிளாஸ்மாவை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

உட்லண்ட்ஸ் இரவுப்பணி | செவ்வாய், காலை 9.10

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு வேஃபர் ஃபேபில், அதாவது சிலிக்கான் தட்டுகளில் சிப் செய்யும் தொழிற்சாலையில், மூன்று வருடமாக எட்ச் மெஷின் டெக்னீஷியனாக இருக்கிறேன். பிளாஸ்மாவால் வேஃபரை அரித்து நுண்ணிய பள்ளங்கள் வெட்டும் மெஷின் அது. ஊர் புதுக்கோட்டைப் பக்கம், படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. சேம்பரைத் திறந்து துடைப்பேன், ஓ-ரிங் மாற்றுவேன், மூடி லீக் செக் பார்ப்பேன். கை பழகிவிட்டது. ஆனால் வியூபோர்ட் கண்ணாடி வழியே தெரிகிறதே ஒரு ஊதா ஒளி, அது என்ன, எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. மூன்று வருடம் பக்கத்தில் நின்றும் தெரியவில்லை என்பது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

போன வருடம் ஒரு மாலை வகுப்பில் கைக்காசு போட்டுச் சேர்ந்தேன். சூரியன், நட்சத்திரம், அணுப்பிணைவு என்று போனது. நாலாவது வகுப்புவரை என் சேம்பரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பிளாஸ்மா என்பது பொருளின் நாலாவது நிலை என்ற ஒரு வரியோடு வீடு திரும்பினேன்.

என் முதல் கேள்வி இதுதான். எலக்ட்ரானின் வெப்பநிலை 3 எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 35,000 டிகிரி என்று இன்ஜினியர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையென்றால் சேம்பர் சுவர் ஏன் உருகவில்லை? வேஃபர் ஏன் சூடாகவில்லை? அப்புறம், இதைப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

பழைய இயற்பியல் | செவ்வாய், காலை 11.35

தம்பி, நல்ல இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள். நான் இங்கே பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்விக்குள்தான் இந்தத் துறை முழுவதும் இருக்கிறது.

35,000 டிகிரி என்பது பொய்யில்லை. ஆனால் யாருடைய வெப்பநிலை என்று பாருங்கள். உங்கள் சேம்பரில் மூன்று கூட்டங்கள் இருக்கின்றன: எலக்ட்ரான்கள், அயனிகள், மின்னேற்றமில்லாத வாயு அணுக்கள். மின்புலம் தள்ளும்போது லேசான எலக்ட்ரான்தான் பாய்ந்து ஆற்றலை வாங்கிக்கொள்ளும். வாங்கியதை ஆர்கான் அணுவுக்குக் கொடுக்க அதனால் முடியவில்லை. ஆர்கான் அணு எலக்ட்ரானைவிட சுமார் 73,000 மடங்கு கனம். கேரம் காய் போய் ஒரு லாரியில் மோதினால் லாரி நகருமா? வெறும் இடி மோதலில் ஒரு தடவைக்குத் தன் ஆற்றலில் லட்சத்தில் மூன்று பங்கைத்தான் எலக்ட்ரான் இழக்கிறது. அதனால் எலக்ட்ரான் கூட்டம் சூடாகவும், வாயு அறை வெப்பத்துக்குப் பக்கத்திலும், ஒரே பாத்திரத்தில் இரண்டு வெப்பநிலையோடு இருக்கின்றன. குறைவெப்பப் பிளாஸ்மா என்று இதைத்தான் சொல்கிறோம்.

இன்னொன்று, எலக்ட்ரான்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. 10 மில்லிடார் என்ற மிகக் குறைந்த அழுத்தம், ஒரு கனசென்டிமீட்டரில் ஆயிரம் கோடி எலக்ட்ரான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். முப்பதாயிரம் அணுவுக்கு ஒரு எலக்ட்ரான் வருகிறது. ஒவ்வொன்றும் கொதிக்கிறது, ஆனால் அத்தனை எலக்ட்ரானிலும் உள்ள வெப்ப ஆற்றலைக் கூட்டினாலும் அந்த வாயுவில் இருப்பதில் 250-ல் ஒரு பங்குகூட வராது. வாணலியிலிருந்து தெறிக்கும் ஒரு துளி எண்ணெய் கையைச் சுடும், குளத்தைச் சுடாது.

எங்கிருந்து தொடங்குவது என்றால், என் கருத்தில் கணக்கிலிருந்து. வாயுக்களின் இயக்கக் கொள்கை, எந்த வேகத்தில் எத்தனை துகள் என்று சொல்லும் மேக்ஸ்வெல்லின் வேகப் பரவல், அப்புறம் மின்காந்தவியல். இந்த மூன்றும் இல்லாமல் மேலே ஏறினால் கால் தரையில் நிற்காது.

எட்ச் அக்கா | செவ்வாய், இரவு 8.50

ஐயா சொன்ன இரண்டு வெப்பநிலை விளக்கம் அருமை. ஒரு திருத்தம் மட்டும். வேஃபர் சூடாகவில்லை என்று தம்பி எழுதியிருப்பது சரியில்லை. சூடாகிறது. அதை நாம் ஓயாமல் குளிர்வித்துக்கொண்டிருப்பதால் தெரியவில்லை. வேஃபருக்கும் அதைப் பிடித்துவைத்திருக்கும் சக்குக்கும் நடுவில் ஹீலியம் ஓடுகிறதே, அது எதற்கு? வெற்றிடத்தில் இரண்டு தட்டுகள் தொட்டுக்கொண்டிருந்தாலும் வெப்பம் சரியாகக் கடக்காது. ஹீலியம்தான் அந்த இடைவெளியில் வெப்பத்தைச் சக்குக்குக் கடத்துகிறது. ஹீலியம் லீக் அலாரம் வந்து வேஃபர் நின்றுபோனால் உங்களைத்தானே கூப்பிடுவார்கள்? அந்த அலாரத்துக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இது.

அந்த வெப்பத்தில் பெரும்பகுதியைக் கொண்டுவருவது அயனிகள். அயனி குளிர்ந்ததுதான், ஆனால் வேஃபரை நெருங்கும்போது ஒரு பள்ளத்தில் விழுகிறது. அந்தப் பள்ளத்துக்குப் பெயர் ஷீத். தமிழில் உறை என்று எழுதலாம், நான் ஷீத் என்றே எழுதுகிறேன்.

படிக்கும் வரிசையில் ஐயாவோடு எனக்கு உடன்பாடில்லை. பதினொரு வருடம் பிராசஸ் இன்ஜினியராக இருக்கிறேன். கணக்கில் தொடங்கி மூன்றாவது அத்தியாயத்தில் புத்தகத்தை மூடிவைத்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தம்பிக்கு ஒரு மெஷின் இருக்கிறது. அதன் திரையில் அழுத்தம், பவர், ரிஃப்லெக்டட் பவர், டிசி பயாஸ், ஹீலியம் ஃப்ளோ என்று எண்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு எண்ணும் ஒரு பாடம். அதிலிருந்து தொடங்கட்டும். கணக்கு தேவைப்படும்போது தானாகப் போய்த் தேடுவார்.

பாலி மூன்றாம் ஆண்டு | செவ்வாய், இரவு 10.15

அக்கா, ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். ஆர்கானை அயனியாக்க 15.76 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும் என்று அட்டவணையில் இருக்கிறது. எலக்ட்ரான் வெப்பநிலையோ 3. அப்படியானால் யார்தான் அயனியாக்குகிறார்கள்?

பழைய இயற்பியல் | புதன், காலை 6.40

மாணவியே, அதனால்தான் மேக்ஸ்வெல் பரவலை முதலில் படிக்கச் சொன்னேன். 3 என்பது கூட்டத்தின் பொதுவான அளவு. எல்லா எலக்ட்ரானும் அதே ஆற்றலில் இருப்பதில்லை. பரவலின் வால் நீண்டு போகிறது. 3 எலக்ட்ரான் வோல்ட் வெப்பநிலையில் 15.76-க்கு மேல் இருப்பவை நூற்றில் ஒன்றோ இரண்டோ. அந்தச் சிறு கூட்டம்தான் விளக்கை எரிய வைக்கிறது. வெப்பநிலை கொஞ்சம் குறைந்தாலும் வால் சடாரென்று சுருங்கிவிடும். பிளாஸ்மா தன்னைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமானால், சுவரில் எத்தனை அயனி தொலைகிறதோ அத்தனை புதிதாகப் பிறக்க வேண்டும். அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் எலக்ட்ரான் வெப்பநிலையை முடிவுசெய்கிறது. பவரைக் கூட்டினால் பெரும்பாலும் எலக்ட்ரான் எண்ணிக்கை கூடும், வெப்பநிலை அவ்வளவாக அசையாது.

எட்ச் அக்கா | புதன், மதியம் 1.05

ஐயாவின் கடைசி வரியைத் தம்பி எழுதி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். பவரைக் கூட்டினால் பிளாஸ்மா இன்னும் சூடாகும் என்றுதான் ஃபேபில் பாதிப் பேர் நினைக்கிறார்கள்.

ஒன்று சேர்க்கிறேன். உண்மையான சேம்பரில் பரவல் மேக்ஸ்வெல் போல அழகாக இருக்காது. மேலே இருக்கும் எலக்ட்ரான்கள் மோதிக் கிளர்த்துவதிலும் அயனியாக்குவதிலும் ஆற்றலைக் கொட்டிவிடுவதால் வால் தேய்ந்திருக்கும். அதைக் கணக்கிட போல்சிக் பிளஸ் என்று ஒரு நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. எல்எக்ஸ்கேட் என்ற திறந்த தளத்திலிருந்து மோதல் குறுக்குவெட்டு எண்களை, அதாவது எலக்ட்ரான் ஓர் அணுவோடு மோத எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும் எண்களை, எடுத்து அதில் கொடுத்தால் பரவல் வரைபடமாக வரும். பாலி மாணவி அவசியம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

செங்காங் அப்பா | புதன், இரவு 9.30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மகள் தொடக்கக் கல்லூரியில் படிக்கிறாள். இந்த இழையைச் சேர்ந்து படித்தோம். இடி மின்னலும் இதே வகையா என்று கேட்கிறாள். வீட்டில் ஏதாவது செய்து பார்க்க முடியுமா என்றும் கேட்கிறாள்.

பழைய இயற்பியல் | வியாழன், காலை 7.00

மின்னல் வேறு வகை. காற்றழுத்தம் முழுதாக இருப்பதால் மோதல்கள் எண்ணற்றவை, மின்னோட்டமும் பல ஆயிரம் ஆம்பியர். எலக்ட்ரானும் வாயுவும் சேர்ந்தே சுமார் 30,000 டிகிரிக்குப் போய்விடுகின்றன. அது வெப்பப் பிளாஸ்மா, வெல்டிங்கில் எரியும் மின்வில்லும் அப்படித்தான். நம் தீவிலேயே அதைவிடச் சூடான ஒன்றும் இருந்திருக்கிறது. தேசியக் கல்விக் கழகத்தில் பிளாஸ்மா ஃபோக்கஸ் ஆய்வு நடந்தது, பெரிய மின்துடிப்பால் பிளாஸ்மாவை ஒரு சிறு இடத்தில் நெருக்கும் கருவி அது. அதற்கு முன்னால் 1980களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சிங் லீயின் குழு 3 கிலோஜூல் கருவி ஒன்றை வடிவமைத்து, வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்கு அதில் பயிற்சி கொடுத்தது. குறைந்த செலவில் கட்டக்கூடிய கருவி அது. பெரிய நாடுகள்தான் பிளாஸ்மா படிக்க முடியும் என்பதை உடைத்த முயற்சி என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை. ஆனால் இந்த இழையின் பொருள் அதுவல்ல.

வீட்டுச் சோதனை பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்து அதன் டிரான்ஸ்ஃபார்மரை எடுப்பது, கண்ணாடி பாட்டிலைப் பம்பில் உறிஞ்சி மின்சாரம் கொடுப்பது, இரண்டும் வேண்டாம். அந்த டிரான்ஸ்ஃபார்மர் ஒரே தொடுதலில் உயிரை எடுக்கும். வீட்டில் பழைய டியூப்லைட் இருந்தால் அதுவே போதும். உள்ளே கொஞ்சம் ஆர்கான், சிறிதளவு பாதரச ஆவி. எலக்ட்ரான் பாதரசத்தைக் கிளர்த்த, அது 253.7 நானோமீட்டரில் புற ஊதா ஒளி விட, குழாயின் உள்பூச்சு அதை வெள்ளையாக்குகிறது. எரிகிற டியூப்பைத் தொட்டால் வெதுவெதுப்புதான். உள்ளே எலக்ட்ரான்கள் பத்தாயிரம் டிகிரிக்கு மேல். பழைய டியூப்புகளில் ஸ்டார்ட்டரும் சோக்கும் எதற்கு என்று மகளை யோசிக்கச் சொல்லுங்கள்.

செங்காங் அப்பா | வியாழன், இரவு 8.20

யோசித்துவிட்டாள் ஐயா. பற்றவைக்கும்போது அதிக வோல்ட் வேண்டும், பற்றிய பிறகு மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறும், அதைப் பிடித்து நிறுத்தத்தான் சோக் என்கிறாள். சரியா?

பழைய இயற்பியல் | வெள்ளி, காலை 6.30

முழுவதும் சரி. என் வாழ்த்தைச் சொல்லுங்கள். பற்றவைக்கும் வோல்ட் எதைப் பொறுத்தது என்பதை 1889-ல் பாஷன் கண்டறிந்தார். அழுத்தத்தையும் தட்டுகளின் இடைவெளியையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. அழுத்தம் மிக அதிகமென்றால் எலக்ட்ரான் வேகம் பிடிக்கும் முன்பே மோதிவிடும். மிகக் குறைவென்றால் மோத ஆளில்லாமல் எதிர்த்தட்டுக்குப் போய்விடும். நடுவில் ஓர் எளிதான இடம் உண்டு. காற்றுக்கு அது 330 வோல்ட்டை ஒட்டி வருகிறது. சேம்பரில் பிளாஸ்மா சில நேரம் பற்றாமல் அடம்பிடிப்பதையும் இதை வைத்துப் பார்க்கலாம்.

ஓசோன் பராமரிப்பு | வெள்ளி, இரவு 7.45

நான் ஃபேப் ஆள் இல்லை, ஓசோன் இயந்திரங்களைப் பராமரிப்பவன். எங்கள் வேலையும் இதுதான் என்று இந்த இழையைப் படித்தபோதுதான் சேர்த்துப் பார்க்கிறேன். சுவா சூ காங் நீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஓசோன் பயன்படுகிறது. குழாயில் வரும் தண்ணீருக்குப் பின்னாலும் குளிர் பிளாஸ்மா இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டு மின்முனைகளுக்கு நடுவில் கண்ணாடியோ பீங்கானோ ஒரு தடுப்பு. வோல்ட் ஏறும்போது இடைவெளியில் மயிரிழை போன்ற மின்னிறக்கங்கள் பற்றும். தடுப்பின்மேல் மின்னேற்றம் சேர்ந்து, சில பத்து நானோ செகண்டில் அவை அணைந்துவிடும். தீப்பொறியாக வளர நேரமே கிடைக்காது. சீமன்ஸ் 1857-ல் செய்தது, இன்றும் அடிப்படை அதேதான். எலக்ட்ரான் ஆக்சிஜன் மூலக்கூறை உடைக்கும், உடைந்த அணு இன்னொரு ஆக்சிஜனோடு ஒட்டி ஓசோனாகும். வாயு சூடானால் ஓசோன் சிதைந்துவிடும். குளிர்நீர் கொஞ்சம் வெதுவெதுப்பானாலும் உற்பத்தி குறைவது கண்முன் தெரியும். ஈரமும் ஆகாது. உள்ளே போகும் வாயுவை மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே பனிநிலை (ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) வரும்வரை உலர்த்துகிறோம். இந்த ஊரின் புழுக்கத்தில் அது லேசான வேலை இல்லை.

எலக்ட்ரான் சூடாக இருக்க வேண்டும், வாயு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வேண்டும் என்பதால்தான் எங்களுக்குப் பிளாஸ்மா. வெறும் நெருப்பில் ஓசோனை இப்படி எடுக்க முடியாது.

உட்லண்ட்ஸ் இரவுப்பணி | சனி, மாலை 5.00

எல்லோருக்கும் நன்றி. நாலு இரவு வேலை முடிந்து இன்றுதான் நிதானமாகப் படித்தேன். ஷீத் பற்றி அக்கா இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ரெசிபி எண்களை, அதாவது மெஷினில் வைக்கும் அழுத்தம், பவர் போன்ற அளவுகளை, இங்கே போடட்டுமா? அதை வைத்தே கணக்குப் போடலாமே.

எட்ச் அக்கா | சனி, இரவு 9.20

தம்பி, ரெசிபி எண் ஒன்றைக்கூட இங்கே போடாதீர்கள். வேலைக்கே ஆபத்து. பொதுவான எண்கள் போதும்.

ஷீத் இப்படி. எலக்ட்ரான் வேகமானது, அயனி மெதுவானது. பிளாஸ்மா பற்றியதும் முதலில் சுவருக்கு ஓடுவது எலக்ட்ரான். அதனால் பிளாஸ்மாவை ஒப்பிட்டால் சுவர் எதிர்மின்னாகிவிடும். அப்புறம் வரும் எலக்ட்ரானைச் சுவர் தள்ளும், அயனியை இழுக்கும். இரண்டும் சமமாக வந்து சேரும் வரை இழுபறி. சுவரையொட்டி எலக்ட்ரான் குறைந்த ஒரு மெல்லிய இருண்ட பட்டை நிற்கும், அதுதான் ஷீத். வியூபோர்ட்டில் வேஃபருக்கு மேலே ஒளி வேஃபரைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பட்டையைக் கடக்கும்போது அயனி செங்குத்தாக விழுகிறது. 10 மில்லிடாரில் ஓர் அயனி சில மில்லிமீட்டர் போனால்தான் ஒரு மோதல். 100 வோல்ட் ஷீத்தோ ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். எனவே பெரும்பாலானவை வழியில் யாரையும் இடிக்காமல் நேராக இறங்குகின்றன. நேரான பள்ளம் வெட்டுவது இதனால்தான் முடிகிறது. அமிலத்தில் முக்கியிருந்தால் பக்கவாட்டிலும் அரித்திருக்கும்.

இங்கே ஒரு தப்பை முளையிலேயே கிள்ள வேண்டும். அயனி உளி போலச் செதுக்குகிறது என்று சொல்வார்கள். 1979-ல் கோபர்ன், வின்டர்ஸ் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். சிலிக்கான்மேல் செனான் டைஃப்ளோரைடு வாயுவை மட்டும் விட்டார்கள், அரிப்பு மிக மெதுவாக நடந்தது. கூடவே ஆர்கான் அயனிக் கற்றையையும் விட்டார்கள், வேகம் பல மடங்கு எகிறியது. வாயுவை நிறுத்தி அயனியை மட்டும் விட்டால் மறுபடி மந்தம். தனித்தனி வேகங்களைக் கூட்டினால் வருவதைவிடச் சேர்ந்து செய்தது மிக அதிகம். வேதியியல் வெட்டுகிறது, அயனி அதற்கு வழி திறந்துவிடுகிறது. அந்த வரைபடத்தைப் பார்த்த நாளில்தான் எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனது.

பழைய இயற்பியல் | ஞாயிறு, காலை 8.10

அக்காவின் வரிசையை ஏற்றுக்கொள்கிறேன், மெஷினிலிருந்தே தொடங்கட்டும். ஆனால் தம்பி ஒரே ஒரு கணக்கு போட வேண்டும். பிளாஸ்மா அதிர்வெண் என்று ஒன்று உண்டு, மாறும் மின்புலத்துக்கு எவ்வளவு வேகம் வரை துகள்கள் ஈடுகொடுத்து ஆடும் என்பதைக் காட்டுவது. ஒரு கனமீட்டரில் உள்ள எலக்ட்ரான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் ஹெர்ட்ஸில் கிடைக்கும். அயனிக்கு, அந்த விடையை நிறை விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். இரண்டையும் போட்டு, பிளாஸ்மாவுக்கு ஏசி மின்சாரம் கொடுக்கும் உங்கள் ஜெனரேட்டரின் 13.56 மெகாஹெர்ட்ஸோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

உட்லண்ட்ஸ் இரவுப்பணி | செவ்வாய், காலை 10.00

ஐயா, ஓய்வு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து போட்டேன். கனசென்டிமீட்டருக்கு ஆயிரம் கோடி என்றால் கனமீட்டருக்கு ஒன்றுக்குப் பின்னால் பதினாறு சைபர். வர்க்கமூலம் பத்துக் கோடி, ஒன்பதால் பெருக்கினால் 90 கோடி ஹெர்ட்ஸ், அதாவது 900 மெகாஹெர்ட்ஸ். 73,000-த்தின் வர்க்கமூலம் 270. அதனால் வகுத்தால் ஆர்கான் அயனிக்கு 3.3 மெகாஹெர்ட்ஸ்.

13.56 நடுவில் விழுகிறது. எலக்ட்ரான் ஜெனரேட்டரின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூடவே ஆடும். அயனியால் முடியாது, சராசரி இழுப்பை மட்டும்தான் உணரும். திரையில் டிசி பயாஸ் என்று ஓர் எண் ஓடுவது இதனால்தானா? ஏசி கொடுக்கும் இடத்தில் டிசி எங்கிருந்து வந்தது என்று மூன்று வருடமாகக் கேட்கத் தயங்கிய கேள்வி இது.

எட்ச் அக்கா | செவ்வாய், இரவு 9.45

அதேதான் தம்பி. வேஃபர் பக்கம் போகும் வழியில் ஒரு பிளாக்கிங் கப்பாசிட்டர் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் எலக்ட்ரான் சுலபமாக வந்து சேரும், கப்பாசிட்டர் அதை வெளியே விடாது, தட்டு எதிர்மின்னில் போய் நிற்கும். அந்த எண்தான் உங்கள் திரையில். அயனிகள் எவ்வளவு வேகத்தில் விழுகின்றன என்பதை அதை வைத்து ஊகிக்கிறோம்.

அடுத்து ரிஃப்லெக்டட் பவர், அதாவது பிளாஸ்மாவுக்குள் போகாமல் ஜெனரேட்டருக்கே திரும்பும் பவர். ஜெனரேட்டர் 50 ஓம் சுமையை எதிர்பார்க்கிறது. பிளாஸ்மா 50 ஓம் இல்லை, வாயுவும் அழுத்தமும் மாற மாற அதுவும் மாறும். நடுவில் மேட்ச்சிங் பாக்ஸ் தன் கப்பாசிட்டர்களைத் திருகித் திருகி ஈடுகட்டுகிறது. அடுத்த பிஎம்-மில் (பராமரிப்பு நாளில்) அதன் உள்ளே பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், பூட்டுப் போட்டு மின்சாரம் துண்டித்த பிறகு, நின்று பாருங்கள்.

உட்லண்ட்ஸ் இரவுப்பணி | அடுத்த ஞாயிறு, இரவு 11.15

இன்று ஓய்வு நாள். பழைய சிடி ஒன்றை அட்டைப்பெட்டியில் சாய்த்து வைத்து, ஒரு மெல்லிய பிளவு வெட்டி, ஒளியைப் பிரித்துப் பார்க்கும் பெட்டி செய்தேன். அறையில் உள்ள டியூப்லைட்டைப் பார்த்தால் பச்சையில் ஒரு கோடும் நீலத்தில் ஒரு கோடும் தனியாகப் பளிச்சென்று நின்றன. தேடிப் பார்த்தேன், பாதரசத்தின் 546, 436 நானோமீட்டர். சாயங்காலம் லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவுக்குப் போனேன். எல்இடி பலகைகளில் கோடே இல்லை, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்த பட்டைதான். ஒரு பழைய கடையில் நிஜமான நியான் குழாய் எரிந்தது. பெட்டியில் பார்த்தால் ஆரஞ்சிலும் சிவப்பிலும் கோடுகள் வரிசையாக நின்றன. கடைக்காரர் என்னவென்று கேட்டார், அவருக்கும் காட்டினேன்.

ஒரு சந்தேகம் அக்கா. ஆர்கானின் பலமான கோடுகள் 750, 811 நானோமீட்டர் என்று அட்டவணையில் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத பக்கமாயிற்றே. அப்படியானால் ஆர்கான் மட்டும் ஓடும்போது வியூபோர்ட்டில் நான் பார்க்கும் ஊதா எங்கிருந்து வருகிறது?

எட்ச் அக்கா | திங்கள், காலை 7.30

811 உங்கள் கண்ணுக்குத் தெரியாது, 750 இருக்கிறதா இல்லையா என்ற அளவுதான். ஆர்கானுக்கு 420 நானோமீட்டரை ஒட்டி இன்னொரு கோட்டுக் கூட்டம் உண்டு, இன்னும் உயரமான நிலைகளிலிருந்து இறங்கும் எலக்ட்ரான்கள் விடுவது. அகச்சிவப்புப் பக்கத்துக் கோடுகளோடு ஒப்பிட்டால் அது மெலிந்த ஒளி. பலமானது கண்ணுக்குத் தப்பிவிடுவதால் மெலிந்தது மட்டும் மிஞ்சி ஊதாவாகத் தெரிகிறது. வியூபோர்ட்டில் ஒரு ஃபைபர் கேபிள் பொருத்தியிருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதன் மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டு பக்கத்தையும் பார்க்கும். எட்ச் எப்போது முடிந்தது என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான். இன்று ஷிஃப்டில் அந்தக் கேபிள் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.